ரஹீமாவுக்குப் பார்த்த இரண்டு வண்டிகள்

பழைய கார் பார்த்துக் கொடுக்கும் வேலைக்கு நம் விருத்தாசலத்தில் இன்றுவரை ஒரு பெயர் கிடையாது. மெக்கானிக் என்றால் புரிகிறது, புரோக்கர் என்றாலும் புரிகிறது. வாங்குகிறவர் பக்கம் நின்றுகொண்டு, 'இதை எடுக்கலாம், இது வேண்டாம்' என்று சொல்கிற ஆளை என்னவென்று அழைப்பது? "வண்டி பாக்கணும்னா செல்வராசுவைக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். அவ்வளவுதான். ஜங்ஷன் ரோட்டில் முப்பது வருஷம் பட்டறை நடத்திய நான், கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பட்டறையில் நின்றதைவிட அடுத்தவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்ததுதான் அதிகம்.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. போன மாதம் சார்ஜர் வாங்கப் போனேன். பளபளவென்று டைல்ஸ் போட்ட தரையில் நடக்கும்போது, வண்டியை நிறுத்திக் கீழே இறங்கிப் பார்க்கும் குழி இருந்த இடத்தைக் கால் தானாகச் சுற்றிக்கொண்டு போனது. கடைக்காரப் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

நம் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொன்ன செயலாளர், "இன்ஜின் விஷயம் எழுதாதீங்கண்ணே, அதெல்லாம் இப்ப போன்லயே வருது" என்றார். சரிதான். பெயின்ட் கனத்தை அளக்க உங்களிடம் கருவி இருக்கிறது. ஸ்கேனரை மாட்டினால் வண்டி தன் நோயைத் தானே சொல்கிறது. எனக்கிருந்தது ஒரு டார்ச் லைட்டும், இரண்டு காதும், ஒரு மூக்கும். அதனால் நான் எழுதப்போவது கருவியில் வராத ஒரு விஷயம். ஒரே ஒரு பெண்ணுக்கு நான் இரண்டு முறை கார் பார்த்துக் கொடுத்தேன். முதல் முறை தப்பாகப் பார்த்தேன்.

கொரோனா ஓய்ந்த மறுவருஷம் அது. ரஹீமா மங்கலம்பேட்டையில் பிறந்தவர். கணவர் துபாயில் ஏ.சி. மெக்கானிக். மாமியாரையும் நாலு வயசுப் பையனையும் வைத்துக்கொண்டு விருத்தாசலத்தில் வாடகை வீட்டில் இருந்தார். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலை கிடைத்திருந்தது. போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. காலை ஷிப்ட் ஆறரைக்கு. மாமியாருக்கு வைத்தியம் இங்கே, பையனுக்கு ஸ்கூல் இங்கே. வீட்டை மாற்ற முடியாது.

பட்டறைக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"முத பஸ்ஸப் புடிச்சாலும் போய்ச் சேர ஏழாவுதுண்ணே. கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். அழகா இருக்கணும், பெருசா இருக்கணும்னுலாம் இல்ல. நடுவழியில நிக்கக்கூடாது. அது ஒண்ணுதான்."

அந்த ஒன்றைத்தான் நான் கோட்டை விட்டேன்.

பாண்டிச்சேரியில் ஓர் அதிகாரி ஓட்டியது, ஒரே ஓனர் என்று புரோக்கர் ஒரு சின்ன வெள்ளை டீசல் காரைக் கொண்டுவந்தார். தை மாதம், சாயங்காலம் நாலரை மணி, இதமான வெயில். குனிந்து, படுத்து, தட்டி, முகர்ந்து எல்லாம் பார்த்தேன். இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. பாடியில் ஒட்டு வேலை இல்லை. பானெட்டை மூடப்போகும்போது ஒன்று கண்ணில் பட்டது. ரேடியேட்டருக்குப் பக்கத்து டப்பாவில் கலர் கலந்த கூலன்ட் இல்லை. வெறும் தண்ணீர். தெளிந்த, புதுத் தண்ணீர்.

"என்னாப்பா, தண்ணி ஊத்தியிருக்குது?"

"சர்வீஸ் உட்டப்ப கழுவி ஊத்தியிருப்பாங்கண்ணே. சட்டுனு சொல்லுங்க. அஞ்சு மணிக்கு நெய்வேலி பார்ட்டி வராங்க. அவங்க பாத்தா பேசாம எடுத்துட்டுப் போயிடுவாங்க."

ரஹீமா துபாய்க்கு வீடியோ கால் போட்டிருந்தார். போனுக்குள்ளிருந்து அவர் கணவர், "எப்படி இருக்குதுண்ணே? எடுத்துடலாமா?" என்றார். வேலை செய்யும் இடத்திலிருந்து ஐந்து நிமிஷம் அனுமதி வாங்கி வந்து பேசுகிறார் என்பது அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாலே தெரிந்தது. புரோக்கர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ரஹீமா என் முகத்தைப் பார்க்கிறார்.

பைபாஸ் வரை ஓட்டித் திரும்பினேன். பத்து கிலோமீட்டர் இருக்கும். சூடு காட்டும் ஊசி நடுவிலேயே நின்றது.

"நல்ல வண்டிம்மா. எடுத்துக்க" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியாத ஒன்று அந்த வண்டியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. 'இந்தத் தண்ணி எதுக்குன்னு தெரியல, ரெண்டு நாள் டைம் குடு' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அஞ்சு மணி பார்ட்டி அந்த வார்த்தையை என்னை விழுங்க வைத்துவிட்டது. அந்தப் பார்ட்டி வரவே இல்லை. என் அனுபவத்தில் அப்படிச் சொல்லப்பட்ட பார்ட்டி ஒருவர்கூட வந்து நான் பார்த்ததில்லை. இது தெரிந்தும் ஒவ்வொரு முறையும் மனசு அவசரப்படும். உங்களுக்கும் படும்.

இருபத்திரண்டாம் நாள் காலை, இன்னும் சரியாக விடியவில்லை, போன் வந்தது.

"அண்ணே, ரஹீமா பேசறேன். வடலூர் தாண்டி நிக்கறேன். ஊசி மேல போனுச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஓட்டிட்டேன். இப்ப முன்னால புகையா வருது."

"இறங்கித் தள்ளி நில்லும்மா. பானெட்டத் தொடாத. நான் கிளம்பி வரேன்."

"நீங்க வர்ற வரைக்கும் நிக்க முடியாதுண்ணே. அங்க ஆளுங்க வந்து உக்காந்திருப்பாங்க. சாவிய டீக்கடையில குடுத்துட்டு பஸ் ஏறிடறேன்."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். டீக்கடைக்காரர் சாவியை நீட்டி, "அந்தம்மா பஸ் ஏறிப் போயிட்டாங்க. டீ குடுத்தேன், வாணாம்னுட்டாங்க" என்றார். வண்டி ரோட்டோரம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. தொட்டுப் பார்க்கவே வேண்டாம். ரேடியேட்டர் உள்ளே அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஊருக்குள் ஓட்டினால் தெரியாது. ஒரு மணி நேரம் நிற்காமல், ஏ.சி. போட்டு ஓட்டினால்தான் தெரியும். விற்றவர்கள் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஒப்பேற்றியிருக்கிறார்கள். அந்தச் சூட்டில், இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

பழுதான வண்டிகளைத் தூக்கிப் போகும் ரெக்கவரி வேன் வரவழைத்தேன். அதன் டிரைவர் என் வயசுக்காரர்தான், அதற்கு முன் பார்த்ததில்லை. பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. காரை மேலே ஏற்றி பெல்ட்டைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"வாங்கி எத்தினி நாளாவுது?"

"மூணு வாரம்."

"யாரு பாத்துக் குடுத்தது?"

"நான்தான்."

ஏறிட்டுப் பார்த்தார். "எவ்ளோ தூரம் ஓட்டிப் பாத்தீங்க?"

"பத்து கிலோமீட்டர்."

"அந்தம்மா தினம் எவ்ளோ போவுது?"

"அறுபது."

அவர் பெல்ட்டை இன்னொரு இழுப்பு இழுத்து இறுக்கினார். என் தொழிலில் எனக்குப் பாடம் சொன்னவர் யார் என்று யாராவது கேட்டால், எனக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவரைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் மனசில் முதலில் வருவது அந்த வேன் டிரைவரின் முகம்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். ரஹீமா இறங்கி வந்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் சாதாரணமாகத்தான் பேசினார்.

"போய்ச் சேரும்போது ஏழே முக்கால்ண்ணே. ஒருத்தருக்கு நாலு மணி நேரம் ஆவும். மொத ஷிப்ட் தள்ளிப் போனா எல்லாம் தள்ளிப் போவுது. மூணாவது ஷிப்ட்டுல ஒரு பெரியவரு, பொண்டாட்டியக் கூட்டிட்டு கிராமத்துலேர்ந்து வராரு. அவருக்கு முடியறப்ப அந்த ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். நான் கிளம்பி வரச்சொல்ல ரெண்டு பேரும் ராத்திரி அங்கயே படுக்கறதுக்குப் போர்வை வாங்கியாரச் சொல்லி வாட்ச்மேன்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தாங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் அந்த வெள்ளை வண்டியில் ரஹீமா ஒருவர்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினைப் பிரித்து என் கையாலேயே வேலை பார்த்தேன், கூலி வாங்கவில்லை. ரேடியேட்டர் புதிது, கேஸ்கெட் புதிது. நானே கடலூர் வரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். குறையே இல்லை. ஆனால் பத்து நாள் கழித்து ரஹீமா வந்தார்.

"வண்டி நல்லாத்தான் ஓடுதுண்ணே. எனக்குத்தான் முடியல. ஊசியவே பாத்துக்கிட்டு ஓட்டறேன். ரோட்டப் பாக்க மாட்டேங்கறேன். நேத்து மந்தாரக்குப்பத்துல குறுக்க வந்த சைக்கிள்காரரக் கடைசி நேரத்துலதான் பாத்தேன்."

ரேடியேட்டரை மாற்ற முடிந்த எனக்கு இதை மாற்றக் கை வரவில்லை. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிற ஒரு மளிகைக்கடைக்காரரிடம் நடந்ததையெல்லாம் சொல்லி அந்த வண்டியைக் கொடுத்தோம். "வேற ஒண்ணு பாருங்கண்ணே" என்றார் ரஹீமா. என்னையே கேட்டார். அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அப்புறம் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு விடியற்காலையில் விழிப்பு வந்துவிடும். எந்த வண்டியானாலும் ரஹீமா கிளம்பும் நேரத்தில், அவர் போகும் ரோட்டில், அவரையே ஓட்டச் சொல்லி, நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலூர் வரை போவது என்று முடிவு செய்தோம். லீவு நாட்களிலும், ஷிப்ட் மாறும் நாட்களிலும் போவோம். ஐந்து மணிக்குக் கிளம்பினால் முந்திரிக் காடுகள் இருட்டாக இருக்கும். பூத்திருக்கும் வாசனை மட்டும் ஜன்னல் வழியாக வரும். நெய்வேலிப் பக்கம் தூரத்தில் விளக்குகள் ஒரு பெரிய கப்பல் நிற்பதுபோல் தெரியும். வடலூரில் டீ. குறிஞ்சிப்பாடியில் வாசல் தெளிக்கிற பெண்கள். கடலூரை நெருங்கும்போது காற்றில் உப்பு. அந்த ரோட்டில் எத்தனையோ வண்டிகளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு பயணியாக உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான்.

விற்கிற பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. "அறுபது கிலோமீட்டரா? பொண்ணு பாக்க வந்தீங்களா, குடும்பமே நடத்த வந்தீங்களா?" என்றார் ஒரு புரோக்கர். நல்லதாகப் போயிற்று. ஒத்துக்கொள்ளாத வண்டியைக் குனிந்து பார்க்கும் வேலை மிச்சம்.

நெய்வேலியில் ஓய்வுபெற்ற ஒருவரின் கார் கிடைத்தது. கோயிலுக்கு மட்டும் போய் வந்த வண்டி, எட்டு வருஷத்தில் பதினெட்டாயிரம் கிலோமீட்டர். உறையை எடுத்ததும் ரஹீமாவின் முகம் மலர்ந்துவிட்டது. புத்தம்புதிதாக இருந்தது. நான் வேண்டாம் என்றேன். நின்றே பழகிய வண்டி அது. டயரெல்லாம் கல்லாகியிருந்தது. ரப்பர் குழாய்களை மடக்கினால் வெடிப்பு தெரிந்தது. தினம் நூற்றிருபது கிலோமீட்டர் ஓடச் சொன்னால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். யாருக்கு நல்லது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

துபாயிலிருந்து ரஹீமாவின் கணவர் தினம் ஒரு போட்டோ அனுப்புவார். மேலே கண்ணாடி திறக்கிற பெரிய வண்டிகளாகவே இருக்கும். "அண்ணே, வானம் தெரியும்ணே" என்பார். "உங்க ஊட்டம்மா ரோட்டப் பாத்தா போதும் தம்பி" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

இப்படி இருக்கும்போதுதான் கோவிந்தராஜ் கூப்பிட்டான்.

கோவிந்தராஜ் என்னோடு ஸ்கூலில் படித்தவன். செராமிக் எஸ்டேட்டில் அவனுக்கு ஒரு யூனிட் இருக்கிறது. ஃபியூஸ் கேரியருக்கு வேண்டிய பீங்கான் உருப்படிகள் செய்து அனுப்புகிறான். அவனுடைய பெட்ரோல் காரை வாங்கிய நாளிலிருந்து பார்த்து வருவது நான்தான். ஆயில் மாற்றியதிலிருந்து பல்பு மாற்றியதுவரை என் நோட்டில் இருக்கிறது. அவன் மகன் புதுக் கார் புக் பண்ணியிருந்தான். "ராசு, என் வண்டிக்கு நல்ல ஆளாப் பாரு. கண்ட கையில குடுக்க மனசில்ல" என்றான்.

ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய வண்டி. ஆனால் தினம் ஓடிய வண்டி. ரஹீமாவுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அதோடு எனக்கு இன்னொன்றும் தெரியும். இதை எழுதலாமா என்று கோவிந்தராஜிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதற்கு நாலு வருஷம் முன்பு, மார்கழிப் பனியில், பெண்ணாடம் பக்கத்தில் அந்த வண்டி கரும்பு ஏற்றி நின்ற டிராக்டரின் பின்னால் மோதியிருந்தது. முன்பக்கம் இடதுபுறம் நசுங்கிவிட்டது. உள்ளே கோவிந்தராஜும் அவன் மனைவி சரோஜாவும் மட்டும்தான். போன் வந்து முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். சரோஜாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. கோவிந்தராஜுக்குக் கீறல்கூட இல்லை. அவனுடைய கண்ணில் புரை விழுந்திருந்தது. டாக்டர் சொல்லியும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். அன்று ஆஸ்பத்திரி வாசலில் மகனிடமும் சொந்தக்காரர்களிடமும் அவன் சொன்னது வேறு. "ஆக்டிங் டிரைவர் போட்டுட்டுப் போனோம். அவன் தூங்கிட்டான். இடிச்சதும் இறங்கி ஓடிட்டான்." இன்சூரன்ஸ் கேட்டால் யார் ஓட்டியது என்று எழுத வேண்டும். அதற்காக அதையும் கேட்கவில்லை. இரண்டு மாதம் என் பட்டறையில் வைத்து நானே ஆள் போட்டுச் சரி செய்தேன். அளவெல்லாம் பார்த்து, ஒரு நூல் பிசகாமல் செய்த வேலை. சரோஜா ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அவன் யூனிட்டில் போய் உட்கார்ந்து சொன்னேன். "ரஹீமான்னு ஒரு பொண்ணு இருக்குது. அதுக்குக் குடுக்கலாம். ஆனா வண்டி இடிச்சதச் சொல்லணும்."

"எதுக்குச் சொல்லணும்? நீதான செஞ்ச. ஏதாவது குறை இருக்குதா?"

"குறை இல்ல. அந்தப் பொண்ணுக்கு ஒருதரம் நான் தெரிஞ்சத முழுங்கிட்டு வண்டி குடுத்துட்டேன். இன்னொருதரம் முழுங்க மாட்டேன்."

"இடிச்சதுன்னு சொன்னா எப்பிடி இடிச்சதுன்னு கேக்கும். யாரு ஓட்டினதுன்னு கேக்கும். நம்ம ஊரு எவ்ளோ பெருசு ராசு? நாளைக்கே என் சம்பந்தி காதுல விழும்."

"யாரு ஓட்டினதுன்னு நான் சொல்லல. இடிச்சதுன்னு மட்டும் சொல்றேன்."

"அப்ப வண்டியே வாணாம். நீ போ. என் வண்டிய இடிச்ச வண்டின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியப் போறியா?" எழுந்து நின்றுவிட்டான். ஐம்பது வருஷப் பழக்கத்தில் அவன் என்னை வெளியே போகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த நாள் ரஹீமா கேட்டார், "ஏதோ ஒண்ணு இருக்குதுன்னீங்களேண்ணே?" என்று. "அது சரிப்படலம்மா" என்றேன். மனசு அடித்துக்கொண்டது. அவர் மறுபடியும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். லேட்டாக வந்ததற்கு மேலதிகாரி இரண்டு முறை விளக்கம் எழுதி வாங்கியிருந்தார். கையில் நல்ல வண்டி இருக்கிறது. இரண்டு வரியை மறைத்தால் எல்லாருக்கும் சௌகரியம். எனக்குச் சிநேகிதன் திரும்பக் கிடைப்பான், அவருக்கு வேலை நிலைக்கும். வண்டியும் நிற்காது, எனக்குத் தெரியும். இப்படி ஒரு இடத்தில் நீங்களும் ஒருநாள் வந்து நிற்பீர்கள். அப்போது உங்கள் ஸ்கேனர் ஒன்றும் சொல்லாது. நான் தைரியமாக இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். மூன்று தடவை ரஹீமாவுக்கு போன் போட்டுக் கட் செய்தேன்.

ஒன்பதாம் நாள் சரோஜா கூப்பிட்டார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணக் கூட்டிட்டு யூனிட்டுக்கு வாங்க. நான் பாத்துக்கறேன்."

"அவன் சரின்னானாம்மா?"

"நீங்க கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை யூனிட்டில் ஆள் இல்லை. காய வைத்த பீங்கான் உருப்படிகள் பலகை பலகையாக வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. கார் ஷெட்டில் நின்றது. கோவிந்தராஜ் உள்ளே அட்டைப்பெட்டிகளை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சரோஜா இடதுபக்கக் கதவைத் திறந்து, காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ரஹீமாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நாலு வருஷம் முன்ன இந்த வண்டி இடிச்சதும்மா. நான் இங்கதான் உக்காந்திருந்தேன்." இடது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. "இந்தப் பக்கம்தான் வாங்குச்சு. அண்ணன்தான் சரி பண்ணிக் குடுத்தாரு. என்னென்ன மாத்துனாங்கன்னு அவரு நோட்டுல இருக்குது. எல்லாம் கேட்டுக்க."

"எப்படிம்மா இடிச்சது?" என்றார் ரஹீமா.

"பனி. கரும்பு டிராக்டரு லைட்டு இல்லாம நின்னுச்சு. ஓட்டினது வந்து..." சரோஜா நிறுத்தினார். மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டார்.

"நான்தாம்மா ஓட்டினேன்."

கோவிந்தராஜ் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு காலிப் பெட்டி.

"கண்ணுல பொறை. ஆபரேஷன் பண்ணிக்கோன்னு இவ சொல்லிச் சொல்லிப் பாத்தா. எனக்கு நல்லாத் தெரியுதுன்னு சொல்லிக்கிட்டு ஓட்டுனேன். அவ்ளோ பெரிய டிராக்டரு எனக்குத் தெரியலம்மா. வண்டி மேல தப்பில்ல."

சரோஜா திரும்பி அவனைப் பார்க்கவில்லை. முன் கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

ரஹீமா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து சரோஜாவிடம் கேட்டார். "அதுக்கப்பறம் இதே சீட்டுல உக்காந்து போயிருக்கீங்களாம்மா?"

"இதுலதான். திருப்பதி போனேன், பேரப்புள்ள பொறந்தப்ப சேலம் போனேன். வேற சீட்டுல உக்காந்ததே இல்ல."

ரஹீமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதையே எடுத்துக்கறேண்ணே. மத்த வண்டிக்கெல்லாம் குறையே இல்லன்னாங்க. என்னா நடந்ததுன்னு சொன்னது இவங்க மட்டும்தான்."

"அறுபது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லும்மா" என்றேன். அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். "நானும் வரேன், கடலப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்று சரோஜா வந்து அதே சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால். நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி. ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தது. நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். முன்னால் இரண்டு பேரும் பையனுக்கு வாங்கும் நோட்டுக்கு அட்டை போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். வடலூர் தாண்டி அந்த டீக்கடையைக் கடக்கும்போது ரஹீமாவின் கழுத்து விறைக்கும் என்று எதிர்பார்த்துப் பின்னாலிருந்து பார்த்தேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. ஆறே காலுக்கு மருத்துவமனை வாசலில் இறங்கி, "வரேன்மா, வரேண்ணே" என்று உள்ளே ஓடினார். சரோஜாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அவர் அலையில் கால் நனைத்துவிட்டு வந்து, "நாலு வருஷமா அந்த டிரைவருக்கு என்னா பேருன்னு யாராவது கேட்டா அடுப்படிக்கு எழுந்து போயிடுவேண்ணே" என்று சொல்லிச் சிரித்தார்.

பட்டறையை மூடியபோது எத்தனையோ சாமான்களை எடைக்குப் போட்டேன். நோட்டுகளை மட்டும் போடவில்லை. கோவிந்தராஜ் வண்டியின் நோட்டை ரஹீமாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் தொடர்ந்து எழுதி வருகிறார், என் கையெழுத்தைவிட நன்றாக. வண்டி இன்றும் ஓடுகிறது. ஒருநாளும் நிற்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். ஒருமுறை பேட்டரி போனது, ஒருமுறை கிளட்ச் கேபிள். இரண்டும் வருவதற்கு முன்பே நோட்டைப் பார்த்து எதிர்பார்த்திருந்தோம். நம்பகமான வண்டி எது என்று என்னைக் கேட்டால், என்னென்ன பட்டது என்று தெரிந்த வண்டி என்பேன். அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சொல்லவைக்கிற ஆளாக நீங்கள் இருங்கள்.

நாங்கள் கடலூர் போய் வந்த அன்று சாயங்காலம் கோவிந்தராஜ் போன் செய்தான். சண்டைக்குப் பிறகு அவனாகக் கூப்பிட்டது அப்போதுதான். கொஞ்ச நேரம் மழை, கரண்ட்டு என்று என்னென்னவோ பேசினான். அப்புறம் சொன்னான்.

"ராசு, பையன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்னா சொன்னான்?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"'அப்பவே தெரியும்ப்பா. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்'னான்."